பூவரசம்பட்டி ரோடு... வண்டி இரண்டு நிமிடம் நிற்கும்!

உங்ககிட்ட சொந்தமா ஒரு ரயில்வே இருக்கா பாஸ்?

சிரிக்காதீங்க. என்கிட்ட இருக்கு. நீளம் நாலடி, அகலம் ரெண்டடி. ஒரே ஒரு ஸ்டேஷன். பேரு பூவரசம்பட்டி ரோடு. ஒரு கைகாட்டி, ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம், ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துல ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். மேப்புல தேடி டயத்தை வேஸ்ட் பண்ணாதீங்க. அப்படி ஒரு ஊரே கிடையாது. என் ரூம்ல, பழைய கதவுப் பலகை மேல மட்டும்தான் இருக்கு.

இது எப்படி ஆரம்பிச்சதுனு சொல்லிடறேன். நான் 2022-ல இன்ஜினீயரிங் முடிச்ச பேட்ச். கேம்பஸ்ல செலக்ட் ஆகி, ஆஃபர் லெட்டர் வாங்கி, தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தாச்சு. ஜாயினிங் தேதி மட்டும் வரலை. ‘விரைவில் தெரிவிக்கிறோம்’னு மாசத்துக்கு ஒரு மெயில் வரும். ஒண்ணு இல்ல ரெண்டு இல்ல, பதினோரு மாசம். இந்தப் பதினோரு மாசத்தை நீங்களும் பார்த்திருந்தா, மேற்கொண்டு நான் விளக்கவே வேணாம். காலையில எழுந்ததும் மெயில். சாப்பிட்டதும் மெயில். எதிர்வீட்டு ஆன்ட்டி ‘என்னப்பா, இன்னும் கூப்பிடலியா?’னு கேட்பாங்களேனு பால் வாங்கக்கூட சுத்து வழியில போவேன். அப்பா ஒண்ணும் கேட்க மாட்டார். அதுதான் இன்னும் கொடுமை. அந்த வருஷம் தீபாவளியிலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சு ‘சாப்டியா’, ‘சாப்டேன்’ அளவுக்குச் சுருங்கிப்போச்சு.

அப்பதான் நெட்ல ஒருநாள் ஜான் ஆலன்ங்கிற அமெரிக்கரோட போட்டோக்களைப் பார்த்தேன். மனுஷன் தொழில்முறை போட்டோகிராஃபர். கலிஃபோர்னியாவுல மான்டெரேங்கிற ஊர். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச சமயம் சின்னதா ஒரு ரயில் செட் கட்ட ஆரம்பிச்சு, அது வளர்ந்து வளர்ந்து வீட்டோட அடித்தளம் முழுக்க மலையும் பள்ளத்தாக்கும் பாலமுமா ஆயிடுச்சு. தரையிலேர்ந்து கூரை வரைக்கும் மலை! அத்தனையும் கற்பனை. அந்த ரயில்வேக்கு அவர் வெச்ச பேரை வாய்விட்டுப் படிச்சா ‘கோரி அண்டு டிஃபீட்டட்’னு வரும். அதாவது ‘ரத்தக்களறி மற்றும் படுதோல்வி ரயில்வே’. எங்க செமஸ்டர் ரிசல்ட்டுக்கு வைக்க வேண்டிய பேரு! அந்த ரயில்வேயில ஷண்டிங் பண்றதுக்கு எஞ்சினோட சேர்த்து ஒரு டைனோசரும் வேலை பார்த்தது. பேரு எம்மா. சத்தியமா.

அந்த டைனோசரைப் பார்த்த நிமிஷம்தான் எனக்கு ஏதோ லேசா ஆச்சு. ‘அட, இந்த ஊர்ல யாரும் ரூல்ஸ் பேச முடியாதே!’னு.

ஆனா அது பாதி உண்மைதான்னு ஆரம்பிச்ச பிறகு தெரிஞ்சது.

நிஜ ரயில்வேயை அச்சு அசலா குட்டியாக்கறவங்க ஒரு வகை. ‘அந்த ஸ்டேஷன்ல 1972-ல எத்தனை விளக்குக் கம்பம்?’னு ஆராய்ச்சி பண்ணி வைப்பாங்க. அவங்களுக்கு என் கும்பிடு. எனக்கு அது எக்ஸாம் மாதிரியே இருக்கு. தப்பு கண்டுபிடிக்க ஆள் வருவாங்க. கற்பனை ரயில்வேயில அந்தப் பயம் இல்லை. அதுக்குப் பதிலா கேள்வி வரும். ஊரை நீங்களே உண்டாக்கினா, அந்த ஊர் உங்ககிட்ட கேள்வி கேட்கும். ‘இங்கே எதுக்குய்யா ரயில் வருது? யார் ஏறுறாங்க? என்ன சரக்கு போகுது? கடைசி வண்டியை விட்டவன் எங்கே படுப்பான்?’

இந்தக் கேள்விகளுக்கு பதில் யோசிக்கிற நேரத்துல உங்க மெயில் பாக்ஸ் மறந்துபோகும். ரிலாக்ஸ்னு நான் சொல்றது அதைத்தான். சும்மா படுத்திருந்தா மனசு ரிலாக்ஸ் ஆகாதுங்க, அது பழைய கவலையையே அசை போடும். புதுசா, சின்னதா, நாமளே தேர்ந்தெடுத்த ஒரு கவலையைக் கொடுத்தா கப்னு பிடிச்சுக்கும்.

நம்ம பக்கத்துலயே பெரிய உதாரணம் இருக்கு. சென்னையில பிறந்த ஆர்.கே.நாராயண், பாட்டி குறிச்சுக் கொடுத்த நல்ல நாள்ல ஒரு நோட்டு வாங்கி நாவல் எழுத உட்கார்ந்தார். அவர் மனசுல முதல்ல வந்து நின்னது ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன். பேரு மால்குடி. ஊர், தெரு, ஆறு, ஸ்கூல், சுவாமிநாதன் எல்லாம் அந்த பிளாட்பாரத்துல இறங்கி வந்தவங்கதான். 1935-ல ‘சுவாமியும் நண்பர்களும்’ வெளிவந்தது. பின்னாடி டி.வி. சீரியல் எடுத்தப்ப கர்நாடகாவுல ஷிமோகா பக்கம் அரசாளுங்கிற ஸ்டேஷன் மால்குடியா நடிச்சது. 2020-ல அந்தப் பழைய கட்டடத்தையே ‘மால்குடி மியூசியம்’ ஆக்கிட்டாங்க. இல்லாத ஸ்டேஷனுக்கு இருக்கிற ஸ்டேஷன் வேஷம் கட்டி, கடைசியில வேஷமே நிலைச்சுப்போச்சு பாருங்க!

இங்கிலாந்துல ஆட்ரினு ஒரு பாதிரியார். 1943-ல அம்மை போட்டுப் படுத்திருந்த மகனுக்கு எஞ்சின் கதைகள் சொன்னார். அதுதான் பின்னால ‘தாமஸ்’ எஞ்சினா உலகம் சுத்துச்சு. கதை புஸ்தகமா வந்ததும் பொடிசுங்க விடலை. ‘இந்த ஸ்டேஷன் எங்கே இருக்கு? அந்த லைன் எப்படிப் போகுது?’னு குடைய ஆரம்பிச்சாங்க. மனுஷன் யோசிச்சார். அங்கே கிறிஸ்தவ மறைமாவட்டம் ஒண்ணுக்கு ‘சோடார் அண்டு மேன்’னு பேரு. மேன் தீவு இருக்கு. சோடார் தீவு? இல்லை. ‘அப்ப நம்மளே உண்டாக்கிடுவோம்’னு தம்பியோட உட்கார்ந்து மலை, ஆறு, சரித்திரம், பேச்சுமொழி வரைக்கும் எழுதி வெச்சுட்டார். 1987-ல அதை தனிப் புஸ்தகமாவே போட்டாங்க. அந்தத் தீவோட ஒரு கிளைப்பாதையை மாடல் ரயில்வேயாக் கட்டி, கண்காட்சிகளுக்கும் தூக்கிட்டுப் போனார்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். ஊர் பேரு முதல்ல. நான் ‘பூவரசம்பட்டி’னு வெச்சேன். நண்பன் ஒருத்தன், ‘மச்சி, பின்னாடி ரோடுனு சேரு’ன்னான். ஏன்னேன். ‘கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்ல இறங்கிப் பார்த்திருக்கியா? கொடைக்கானல் அங்கேர்ந்து 80 கிலோமீட்டர்’னான். ஆமால்ல! ஸ்டேஷன் பேருல ‘ரோடு’ வந்தா, ஊர் அங்கே இல்லைனு அர்த்தம். அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்ததும் என் பலகையே மாறிடுச்சு. ஊரைக் கட்டவே வேண்டாம், நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்குனு விட்டுடலாம். அதுக்குப் பதிலா ஸ்டேஷன் வாசல்ல ஒரு மினி பஸ், ரெண்டு ஆட்டோ, வண்டி வர்ற வரைக்கும் உட்கார ஒரு டீக்கடை. இடமும் மிச்சம், கதையும் கிடைச்சது.

அடுத்தது கணக்கு. மாடல் ரயிலுக்குப் பல அளவு உண்டு. உலகத்துல அதிகம் பேர் வெச்சிருக்கறது ஹெச்.ஓ. நிஜத்துல 87-ல ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதைவிடப் பொடிசு ‘என்’ அளவு. இடைவெளி 9 மில்லிமீட்டர். ரூம்ல இடம் இல்லாத நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அதுதான் தெய்வம். ரெண்டுக்கு நாலடி பலகையில ஒரு வட்டப் பாதையே அடங்கிடும். எனக்கு மீட்டர் கேஜ் வேணும். நிஜத்துல 1000 மில்லிமீட்டர், பலகையில 9. வகுத்தா 111. அப்ப என் உலகத்துல எல்லாமே 111-ல ஒரு பங்கு. ஆள் ஒன்றரை சென்டிமீட்டர். ரயில் பெட்டி ஒரு சாணுக்குள்ள. இந்த அளவுக்குக் கடையில பெட்டி கிடைக்காது. அதனால என்ன, செஞ்சுக்க வேண்டியதுதான்.

ஏன் மீட்டர் கேஜ்? என் கற்பனைப்படி, மதுரை - போடி லைன்ல உசிலம்பட்டியிலேர்ந்து ஒரு கிளை பிரியுது. நிஜ போடி லைன் 1928-ல போட்டது. 2010 முடிவுல அகலப்பாதையாக்கறதுக்காக நிறுத்தினாங்க. என் கிளைப்பாதையை மட்டும் யாரும் நிறுத்தலை. அவ்வளவுதான் என் ஒரே பொய். மத்ததெல்லாம் நிஜமா இருக்கணும்னு முடிவு பண்ணிக்கிட்டேன். ஒரு பெரிய பொய்யைத் தாங்க நூறு சின்ன உண்மை வேணும்ங்க.

பொருள் எல்லாம் வீட்டுலயே இருக்கு. சுவருக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. (நல்ல கனமா இருக்கும். மாமா வீட்டுக் கல்யாணம் என் கூட்ஸ் ஷெட் ஆயிடுச்சு.) ஓட்டுக் கூரைக்கு அட்டைப்பெட்டியோட மேல்தாளை ஈரம் பண்ணி உரிச்சா உள்ளே வரி வரியா இருக்குமே, அது. செம்மண் தரைக்குக் குடிச்சு முடிச்ச டீத்தூளைக் காயவெச்சு செங்கல் பொடியோட கலந்து தூவினேன். மரத்துக்குக் காய்ஞ்ச துளசிக் குச்சி, பச்சை சாயம் ஏத்தின ஸ்பாஞ்ச் துணுக்கு. பனைமரத்துக்குத் துடைப்பக்குச்சி. ஜல்லிக்கு சலிச்ச மணல். அதைத் தண்டவாளத்துக்கு நடுவுல பரப்பி, ஃபெவிகாலைப் பாதிக்குப் பாதி தண்ணியில கரைச்சு, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டு, ஊசி போடற சிரிஞ்சால சொட்டு சொட்டா விடணும். அந்த ஒரு சொட்டு சோப்பு இல்லேன்னா தண்ணி மணலுக்குள்ள இறங்காது, மேலயே முத்து முத்தா உருளும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாப் போச்சு. அப்புறம் ஒரு ராத்திரி பூரா தொடக்கூடாது. ‘மாடல் கட்டறது தியானம்’னு சொல்றவங்களை நம்பாதீங்க. ஃபெவிகால் காயறதுக்குள்ள விரலால தொட்டுப் பார்க்காம இருக்கறதுதான் தியானம்!

காசு செலவாகற ஒரே இடம் எஞ்சினும் தண்டவாளமும். நம்ம கடைகள்ல சுலபமாக் கிடைக்காது. நான் சித்தி பையனை சிங்கப்பூர்லேர்ந்து ஒரு பழைய செட்டை வாங்கிட்டு வரச்சொல்லி, மேல்மூடியைக் கழட்டிட்டு அட்டையில நம்ம ஊர் எஞ்சின் மாதிரி செஞ்சு மாட்டினேன். உள்ளே சமாச்சாரம் ரொம்ப சிம்பிள். ரெண்டு தண்டவாளத்துலயும் 12 வோல்ட் கரன்ட், சக்கரம் வழியா மோட்டாருக்குப் போகும். கரன்ட்டைத் திருப்பிப் போட்டா வண்டி ரிவர்ஸ்ல வரும். எதிரி ஒண்ணே ஒண்ணுதான்: தூசி. தண்டவாளத்தைத் துடைக்காம விட்டா, வண்டி நடுவழியில நின்னு உங்களைப் பார்க்கும்.

காசே இல்லையா? கவலை வேணாம். ஜான் ஆலனே ஒரு வழி சொல்லியிருக்கார். ‘டைம்சேவர்’னு அவர் ஒரு புதிர் கண்டுபிடிச்சார். 1972-ல பத்திரிகையில வந்தது. சின்னச் சின்ன சைடிங், ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு ரெண்டு பெட்டிக்குத்தான் இடம். எஞ்சினை முன்னும் பின்னும் ஓட்டி, எந்தப் பெட்டி எந்த இடத்துல நிக்கணுமோ அங்கே விடணும். குறைஞ்ச நேரத்துல விட்டவன் கெட்டிக்காரன். சார்ட் பேப்பர்ல கோடு போட்டு, தீப்பெட்டிகளைப் பெட்டியா வெச்சு ஹாஸ்டல் ரூம்லயே ஆடலாம். எங்க செட்ல ஒருத்தன் இதை ஆடி, ராத்திரி ரெண்டு மணிக்கு ‘மச்சி, மூணாவது வேகன்!’னு தூக்கத்துல கத்தினான்.

படிப்பு கெட்டுப்போகும்னு வீட்டுல சொன்னா, இதைக் காட்டுங்க. அமெரிக்காவுல எம்.ஐ.டி-யில மாணவர்கள் 1946-ல ஒரு மாடல் ரயில்வே கிளப் ஆரம்பிச்சாங்க. அதுல ரெண்டு கோஷ்டி. ஒண்ணு மேலே ஊர், மரம், பெட்டி செய்யறது. இன்னொண்ணு பலகைக்கு அடியில படுத்துக்கிட்டு சிக்னல், ஸ்விட்ச், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேனு ஒயரோட மல்லுக்கட்டறது. அடியில படுத்திருந்த அந்த கோஷ்டிதான், காலேஜுக்கு கம்ப்யூட்டர் வந்ததும் ராத்திரி ராத்திரியா அதுல போய் உட்கார்ந்தது. ‘ஹேக்’ங்கிற வார்த்தையை இன்னிக்கு நாம சொல்ற கம்ப்யூட்டர் அர்த்தத்துக்குக் கொண்டுவந்தது அவங்க பேச்சுதான். 1962-ல வந்த ‘ஸ்பேஸ்வார்’ வீடியோ கேமும் இந்த கிளப் ஆளுங்க கைவண்ணம். இதை அப்பாகிட்ட சொல்லலாம்னு நான் மனப்பாடமே பண்ணி வெச்சிருந்தேன். சொல்ற சந்தர்ப்பமே வரலை.

வந்தது வேற சந்தர்ப்பம்.

ஒருநாள் ராத்திரி பதினோரு மணி. பூவரசம்பட்டி ரோடுக்கு பிளாட்பாரம் ஒட்டிட்டு இருந்தேன். கதவுகிட்ட நிழல். அப்பா. ‘வேலை வெட்டி இல்லாம...’னு ஆரம்பிப்பார்னு கையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். அவர் குனிஞ்சு பார்த்தார். கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு இன்னும் குனிஞ்சார்.

“பிளாட்பாரம் ஏன் இவ்ளோ உசரம்?”

“ஸ்டேஷன்னா இருக்கும்லப்பா.”

“அது பெரிய ஸ்டேஷன்ல. நம்ம லைன்ல இந்த மாதிரி குட்டி ஸ்டேஷன்ல தரையோட தரையாத்தான் இருக்கும். படியில கால் வெச்சு ஏறணும். கைகாட்டியும் தப்பு. நீ கையை மேலே தூக்கி வெச்சிருக்க. நம்ம பக்கம் கை கீழே இறங்கினாத்தான் வண்டிக்கு வழி.”

எனக்கு அப்பதான் உறைச்சது. ‘நம்ம லைன்’ங்கிறாரே! அப்பா உசிலம்பட்டிக்காரர். மதுரையில காலேஜ். மூணு வருஷம் அந்த போடி வண்டியிலதான் போய் வந்திருக்கார். கரி எஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்தா வெள்ளைச் சட்டை மதுரை போறதுக்குள்ள புள்ளி புள்ளியா ஆயிடுமாம். அதனாலயே எஞ்சினுக்குக் கடைசிப் பெட்டியில ஏறுவாராம். மணி அடிக்க பித்தளை மணியெல்லாம் இல்லை, ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாங்களாம். இதையெல்லாம் நின்னுக்கிட்டே சொன்னார். அப்புறம் என் கட்டில்ல உட்கார்ந்து சொன்னார். டிகிரி முடிச்சதும் வேலைக்குனு ஒண்ணரை வருஷம் அலைஞ்சதையும், காலையில சும்மாவாச்சும் கிளம்பி அதே வண்டியில மதுரை போயிட்டுத் திரும்பினதையும் சொன்னார். “வீட்ல இருந்தா எல்லாரும் மூஞ்சியைப் பார்ப்பாங்க. அதுக்குத்தான்.” அவ்வளவுதான் சொன்னார். நான் சுத்து வழியில பால் வாங்கப் போறது அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு போல.

பிளாட்பாரத்தை உரிச்சு எடுத்துட்டு, தரையோட தரையா மணல் போட்டேன். கைகாட்டியைத் திருப்பினேன். ஸ்டேஷனுக்கு மஞ்சள் போர்டு எழுதினப்ப, கடல் மட்டத்துலேர்ந்து எவ்வளவு உயரம்னு கீழே போடணுமேனு ரெண்டு பேரும் அரைமணி நேரம் சண்டை. கடைசியில அவர் சொன்ன நம்பர்தான் ஜெயிச்சது. சரக்கு என்னனு கேட்டார். கடலைனு சொன்னேன். ‘பருத்தியும் போடு’ன்னார். சீட்டு மாதிரி அட்டை வெட்டி, ஒவ்வொண்ணுலயும் ‘பருத்தி, ரெண்டு பெட்டி’, ‘காலிப் பெட்டி திரும்பணும்’னு எழுதி வெச்சோம். ஞாயித்துக்கிழமை அட்டையைக் குலுக்கி எடுத்தா, அன்னிக்கு ஷண்டிங் அதுதான்.

அந்தக் காலத்துலயே நிஜ லைன்லயும் ரயில் திரும்பி வந்துட்டு இருந்தது. 2022 மே மாசம் அகலப்பாதையில தேனி வரைக்கும். 2023 ஜூன் 15 போடி வரைக்கும். ‘ஒரு நாள் போயிட்டு வரலாமாப்பா?’னு கேட்டேன். போனோம். ஆண்டிபட்டி கணவாய் வந்ததும் எழுந்து கதவுகிட்ட நின்னார். திரும்பி வந்து, “பிளாட்பாரம் எல்லாம் உசத்திட்டாங்க. ஏறுறதுக்கு நல்லாத்தான் இருக்கு”ன்னார்.

ஒண்ணு சொல்லணும். இந்த ஹாபி எல்லாத்தையும் காப்பாத்திக் கொடுக்காது. ஜான் ஆலன் 1973 ஜனவரியில மாரடைப்புல போய்ட்டார். ரெண்டு வாரம்கூட ஆகலை, வீட்டுல தீப்பிடிச்சு அந்த மலை, பாலம் எல்லாம் பெரும்பாலும் கருகிடுச்சு. அவர் எடுத்த போட்டோக்கள்தான் மிச்சம். அதுல ஒண்ணைத்தான் ஐம்பது வருஷம் கழிச்சு, மெயிலுக்குக் காத்திருந்த நான் பார்த்தேன். இன்னொரு பக்கம், பாட்டுக்காரர் ராட் ஸ்டூவர்ட் இருபது வருஷத்துக்கு மேல ஒரு கற்பனை அமெரிக்க நகரத்தைக் கட்டி, 2019-ல பத்திரிகையில காட்டினார். கச்சேரிக்குப் போற ஊர்ல ஹோட்டல்ல கூடுதலா ஒரு ரூம் எடுத்து கட்டடம் ஒட்டுவாராம். ரேடியோவுல ஒருத்தர் ‘இதெல்லாம் இவரே செஞ்சிருப்பாரா’ங்கிற மாதிரி பேச, மனுஷன் அந்த நிகழ்ச்சிக்கே போன் போட்டு ‘பெரும்பகுதி நான்தான் செஞ்சேன்’னு சண்டை போட்டார். ராக் ஸ்டாருக்கே ரோஷம் வருது பாருங்க!

நேர்ல பார்க்கணும்னா புனே பக்கம் போறப்ப ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்துக்கு ஒரு எட்டு போங்க. 1998-லேர்ந்து இருக்கு. ஒரு கற்பனை நகரமே ஓடும்.

எனக்கு ஜாயினிங் மெயில் ஒருவழியா வந்தது. பெங்களூருவுல வேலை. பூவரசம்பட்டி ரோடை பழைய வேட்டியால மூடி, பீரோ மேல வெச்சுட்டுக் கிளம்பினேன். போன வாரம் அப்பா போன் பண்ணார்.

“சாப்டியா?”

“சாப்டேன்ப்பா.”

“வேட்டியில தூசி. எடுத்து உதறிட்டு தண்டவாளத்தைத் துடைச்சு வெச்சேன். அந்த காலை வண்டிக்கு ரெண்டு பெட்டி பத்தாதுடா. காலேஜ் கூட்டம் எல்லாம் அதுலதானே வரும். தொங்கிட்டுப் போவானுங்க. பொங்கலுக்கு வர்றப்ப இன்னும் ரெண்டு பெட்டி செஞ்சு எடுத்துட்டு வா.”

அதான், ரூம்மேட்ஸ்கிட்ட எல்லாம் கல்யாணப் பத்திரிகை கேட்டுட்டு இருக்கேன். உங்க வீட்டுல நல்ல கனமான அட்டையா இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க பாஸ்!